லொட்ஜிலிருந்து ஐந்து நட்சத்திரத்துக்கு: கொழும்பில் நடுப்பயணத்தில் இடம் மாறுவது எப்படி

கொழும்பில் "ஹோட்டல்" என்று பலகை தொங்கினால் உள்ளே கட்டில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் அது சோறும் கொத்து ரொட்டியும் விற்கும் சாப்பாட்டுக் கடைதான். படுக்க இடம் தேடுகிறவர்களுக்கு நம் ஆட்கள் சொல்லும் சொல் லொட்ஜ். ஹோட்டலிலேயே தங்குவதென்றால், நம்மில் பலருக்கு அது வேறு யாரோ தங்கும் இடம்.

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ விசா அலுவலுக்கும் கண் வைத்தியத்துக்கும் கலியாணத்துக்கும் வருகிறவர்கள் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அறை எடுத்துக்கொள்கிறார்கள். அலுவல் முடிந்ததும் ஓர் ஆசை எட்டிப்பார்க்கும்: வந்தது வந்தோம், கடைசி இரண்டு நாளாவது கடலைப் பார்த்துக்கொண்டு நல்ல இடத்தில் இருந்துவிட்டுப் போனால் என்ன? கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற சொந்தங்களுக்கும் இதே எண்ணம் உண்டு. என் அம்மாவுக்கு அப்படி எந்த ஆசையும் இருக்கவில்லை. கண் சத்திரசிகிச்சை முடிந்த கையோடு நான்தான் அவரைப் பிடிவாதமாக அழைத்துப்போனேன். அதிலும் அதற்குப் பின் மூன்று நான்கு முறை இப்படி மாறியதிலும் கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன்.

1. 22 மணி நேரக் கணக்கு

பெரிய ஹோட்டல்களில் பிற்பகல் 2 மணிக்கு அறை தருவார்கள், மறுநாள் நண்பகல் 12 மணிக்கு விடச் சொல்வார்கள். ஓர் இரவுக்குப் பணம் கட்டினால் உங்களுக்குக் கிடைப்பது 22 மணி நேரம். அந்த நேரத்தில் எவ்வளவை ஹோட்டலுக்குள்ளேயே கழிக்கப் போகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். காலையில் புறக்கோட்டைக்குத் துணி எடுக்கப் போய், மாலையில் தெஹிவளையில் சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டு, இரவு 11 மணிக்கு வந்து விழுந்து படுக்கும் நாளுக்கு ஐந்து நட்சத்திரம் எடுப்பது வீண். அந்த நாளுக்கு லொட்ஜ் போதும். சுத்தமான விரிப்பும் வேலை செய்யும் மின்விசிறியும் இருந்தால் தூக்கம் ஒன்றுதான்.

ஆகவே அலுவல் நாட்களை லொட்ஜில் முடியுங்கள். அலுவல் எதுவும் மிச்சமில்லாத நாட்களைப் பெரிய ஹோட்டலுக்கு ஒதுக்குங்கள். வரிசையும் இதுதான்: முதலில் மலிவு, பிறகு வசதி. தலைகீழாகச் செய்தவர்களை அறிவேன். மூன்றாம் நாள் லொட்ஜுக்கு வந்ததும் தலையணையில் இருந்து தண்ணீர்க் குழாய் வரை எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்தார்கள். அதே லொட்ஜில் போன வருடம் சந்தோஷமாக இருந்தவர்கள்தான்.

நள்ளிரவில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கும், யாழ்ப்பாண பஸ்ஸில் விடியற்காலை வெள்ளவத்தையில் வந்து இறங்குகிறவர்களுக்கும் இது இரட்டிப்பாகப் பொருந்தும். அதிகாலை 3 மணிக்கு அறைக்குள் நுழையும் இரவுக்கு முழு விலை கொடுப்பதில் அர்த்தமில்லை.

ஒரே ஒரு இரவுக்கு மட்டும் மாறுவதும் எனக்கு உடன்பாடில்லை. மாறும் நாளில் பாதி மூட்டை கட்டுவதிலும் காத்திருப்பதிலும் போய்விடும். இரண்டு இரவு எடுத்தால்தான் நடுவில் ஒரு முழு நாள் கையில் கிடைக்கும்.

2. எந்த நாள்

கொழும்பின் பெரிய ஹோட்டல்கள் கலியாண மண்டபங்களும்தான். நல்ல நாளாக அமைந்த வெள்ளி முதல் ஞாயிறு வரை வரவேற்புக் கூடமே பட்டுப் புடைவையால் நிரம்பியிருக்கும், மின்தூக்கிக்குக் காத்திருக்க வேண்டும், நீச்சல் குளத்தருகே நாற்காலி கிடைக்காது. வார நடுவில் போங்கள். பௌர்ணமி நாளான போயா தினம் பொது விடுமுறை, மதுக்கடைகளும் பூட்டியிருக்கும். வெசாக் என்ற பௌத்தப் பண்டிகைச் சமயத்தில் பேரை வாவியையும் கங்காராமை விகாரையையும் சுற்றிக் கூட்டமும் போக்குவரத்து நெரிசலும் அதிகம், மூட்டையோடு அந்தப் பக்கம் போகாதீர்கள். ஏப்ரல் 13, 14 புத்தாண்டு நாட்களில் நகரம் வெறிச்சோடிவிடும். அமைதி வேண்டுமென்றால் நல்லது, கடைத்தெரு வேண்டுமென்றால் ஏமாற்றம்.

3. விலை: இரண்டு கூட்டல் குறிகள்

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். லொட்ஜில் சொன்ன விலைதான் கொடுக்கும் விலை. பெரிய ஹோட்டலில் சொல்லும் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் ஒட்டியிருக்கும். சேவைக் கட்டணமும் வரிகளும் தனி என்று அதற்குப் பொருள்.

அறை 100 டொலர் என்று வைத்துக்கொள்வோம். சேவைக் கட்டணம் 10 வீதம் சேர்ந்தால் 110. அதன் மேல் பெறுமதி சேர் வரி. 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம். இப்போதே 129 டொலர் 80 சதம் ஆகிவிட்டது. சமூகப் பாதுகாப்பு வரி 2.5 வீதம், சுற்றுலா அபிவிருத்தி வரி 1 வீதம் என்று இன்னும் இரண்டு இருக்கின்றன. மொத்தத்தில் 100 டொலர் என்று கேட்ட அறை 130 டொலரைத் தாண்டிவிடும். சாப்பாட்டு அட்டையிலும் இதே கூட்டல் குறிகள் உண்டு. எனவே தொலைபேசியில் கேட்கும்போது "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று மட்டும் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது உள்நாட்டவர் விலை. இலங்கையில் வசிப்பவர்களுக்குப் பல ஹோட்டல்கள் தனி விலை வைத்திருக்கின்றன. பெரும்பாலும் அது ரூபாயில் இருக்கும், வெளிநாட்டவருக்கான டொலர் விலையைவிடக் குறைவாகவும் இருக்கும். தேசிய அடையாள அட்டையையோ வதிவிட விசாவையோ காட்ட வேண்டும். லண்டன் மாமா கூட வந்தால் அதே விலை செல்லுமா? சில இடங்களில் பதிவு செய்பவரிடம் அட்டை இருந்தால் போதும், சில இடங்களில் அறையில் தங்கும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். முன்கூட்டியே கேட்காவிட்டால் வரவேற்பு மேசையில் குடும்பமே சங்கடப்படும்.

மூன்றாவது, வங்கிக் கடன் அட்டைச் சலுகை. உள்ளூர் வங்கிகள் ஹோட்டல்களோடு சேர்ந்து அடிக்கடி தள்ளுபடி கொடுக்கும். பெரும்பாலும் ஹோட்டலை நேரடியாகத் தொடர்புகொண்டு பதிவு செய்தால்தான் அது கிடைக்கும், இணையத் தரகர்கள் மூலம் போனால் கிடைக்காது. நான் செய்வது இது: இணையத்தில் விலையைப் பார்த்துக்கொள்வேன், பிறகு ஹோட்டலுக்கே தொலைபேசி எடுத்து "இந்த விலை பார்த்தேன், நேரடியாகப் பதிந்தால் காலை உணவையும் சேர்த்துத் தருவீர்களா?" என்று கேட்பேன். பாதி முறை தந்திருக்கிறார்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கறிக்கடையில் பேரம் பேசுகிற நாம் ஹோட்டலில் மட்டும் ஏன் வாயடைத்துப் போகிறோம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அட்டை இயந்திரம் உங்கள் நாட்டு நாணயத்திலா இலங்கை ரூபாயிலா என்று கேட்டால் ரூபாயைத் தேர்ந்தெடுங்கள். மற்றதில் மாற்று விலை உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும்.

4. எந்தப் பக்கம்

நட்சத்திர எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த 22 மணி நேரத்தில் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பாருங்கள்.

கடல் வேண்டுமென்றால் காலிமுகத்திடல். திடலின் தென்கோடியில் 1864ஆம் ஆண்டு தொடங்கிய கோல் பேஸ் ஹோட்டல் இருக்கிறது. பழைய மரப் படிகளும் உயரமான கூரையும் அலையின் சத்தமும் பிடித்தவர்களுக்கு அதுதான். மாலையில் கடற்கரைப் பக்கத்து முற்றத்தில் பைப் வாத்தியம் ஊதிக் கொடியிறக்குவார்கள். ஒரு தேநீரோடு அதைப் பார்க்கலாம். எதிர்ப்புறம் தாஜ் சமுத்திரா, 2017இல் திறந்த சங்ரிலா, 2024இல் திறந்த ஐடிசி ரத்னதீப என்று வரிசையாக நிற்கின்றன. சைவ உணவுதான் வேண்டும் என்கிற பெரியவர்களோடு போவதென்றால் இந்தியக் குழுமங்களின் ஹோட்டல்களை முதலில் விசாரியுங்கள், அங்கே சைவச் சமையல் தெரிந்த கைகள் இருக்கும்.

கடலைவிட அமைதியான தண்ணீர் போதும் என்றால் பேரை வாவியோரம் சினமன் லேக்சைட். கடைகளும் உணவகங்களும் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டுமென்றால் கொள்ளுப்பிட்டி.

கடல் தெரியும் அறைக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். இரண்டு இரவுக்கு நான் அதைக் கொடுப்பேன். ஆனால் "கடல் தெரியும்" என்பதும் "கடலை நோக்கியது" என்பதும் வேறு. முதலாவதில் ஜன்னலோரம் கழுத்தைத் திருப்பினால் ஒரு கீற்று நீலம் தெரியலாம், அவ்வளவுதான்.

5. லொட்ஜிலிருந்து கௌரவமாக வெளியேறுவது

ஒரு முறை வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் ஐந்து இரவுக்கும் முதல் நாளே பணம் கட்டிவிட்டேன். மூன்றாம் நாள் புறப்படுகிறேன் என்றதும் முகாமையாளர் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "தந்த பணத்தைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லை, தம்பி" என்றார். அவர் மீது கோபப்பட முடியவில்லை. நான் எதையும் கேட்காமல் கட்டியிருந்தேன். அதிலிருந்து நாளுக்கு நாள் கட்டுவேன், அல்லது இரண்டிரண்டு நாளாகக் கட்டுவேன். இணையத்தில் பதிந்திருந்தால் "பணம் திருப்பித் தரப்படாது" என்ற வரி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

முந்தைய நாள் மாலையே சொல்லிவிடுங்கள். வெளியேறும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில லொட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு, சிலவற்றில் நண்பகல். அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ வரவேற்பில் வாங்கி வைத்திருந்தால் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை உடனே தரச் சொல்வது இன்னும் நல்லது.

லொட்ஜில் அடையாள அட்டையை நீட்டும்போது நம்மில் சிலருக்கு இன்றும் கை சற்றுத் தயங்கும். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலை கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தக் காலத்தில் லொட்ஜ் நடத்தியவர்கள் சிலர் இன்றும் அதே மேசையில் இருக்கிறார்கள். புறப்படும்போது ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.

6. மூட்டை

இடம் மாறுவதற்கு முதல் நாள் செய்ய வேண்டிய முக்கியமான வேலை துணி துவைப்பது. பெரிய ஹோட்டல்களில் ஒவ்வொரு துணிக்கும் தனித்தனியே விலை. ஒரு சட்டைக்கும் ஒரு சோடி காலுறைக்கும் சேர்த்துக் கேட்ட தொகையில் வெள்ளவத்தையில் ஒரு பை நிறையத் துவைத்து மடித்துத் தருவார்கள். முதல் நாள் காலையிலேயே கொடுத்து மாலையில் வாங்கிவிடுங்கள்.

அடுத்தது மணம். ஊரிலிருந்து வந்த பொதியில் கருவாடு இருக்கிறதா? கனடாவுக்குக் கொடுத்துவிட வாங்கிய ஒடியலும் மிளகாய்த்தூளும் இருக்கின்றனவா? பெரிய ஹோட்டல் அறையில் திறக்காத ஜன்னல், குளிரூட்டி, ஒரே காற்று. இரண்டாம் நாள் உங்கள் சட்டையே கருவாடாக மணக்கும். அவற்றைத் தெரிந்தவர் வீட்டில் வையுங்கள், அல்லது லொட்ஜ்காரரிடம் கேட்டுப் பாருங்கள். நான் லொட்ஜிலேயே ஒப்படைப்பேன். தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட், பழம் போன்றவற்றைக் கொண்டுபோகத் தயங்க வேண்டாம். அறையில் உள்ள சிறிய குளிர்பெட்டியில் இருப்பவற்றை எடுத்தால் கடை விலையைப்போல் பல மடங்கு எழுதுவார்கள்.

மூட்டைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். பத்துப் பொலித்தீன் பைகளை ஒரு பெரிய பைக்குள் போட்டுவிட்டால் வாசலில் இறங்கும்போது நீங்களே நிம்மதியாக இருப்பீர்கள்.

7. மாறும் நாள்

வெள்ளவத்தையிலிருந்து காலிமுகத்திடல் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். காலை அலுவலக நேரத்தில் காலி வீதி நகராது. 10 மணிக்கு மேல் புறப்படுங்கள். பிக்மீ அல்லது ஊபரில் கார் கூப்பிட்டால் விலை முன்பே தெரியும். ஓட்டுநர் கடலோரம் மரைன் டிரைவ் வழியாகப் போனால் மறுக்காதீர்கள். ஆட்டோவில் போனாலும் ஒன்றும் குறைந்துவிடாது. சில ஹோட்டல்களின் வாயிலில் காவலர் ஆட்டோவை நிறுத்தி விசாரிப்பார், "தங்க வந்திருக்கிறோம், பதிவு இருக்கிறது" என்றால் போதும். ஒரு கைப்பை மட்டும் என்றால் வெள்ளவத்தையில் கரையோர ரயிலில் ஏறிக் கொம்பனித்தெருவில் இறங்கலாம். கடலை உரசிக்கொண்டு போகும் அந்தப் பயணத்துக்கே தனி மதிப்பு உண்டு.

வாசலில் பைகளை இயந்திரத்தில் இட்டுச் சோதிப்பார்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களில் குண்டு வெடித்தது. அதற்குப் பின் இதை யாரும் தொல்லையாக எடுத்துக்கொள்வதில்லை. பழம் வெட்டும் கத்தி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

லொட்ஜை 11 மணியளவில் விட்டுவிட்டு நேரே புது ஹோட்டலுக்கே போங்கள். 2 மணி வரை வீதியில் அலைய வேண்டியதில்லை. பைகளை வாங்கிவைப்பார்கள், பதிவுப் படிவத்தை நிரப்பிக்கொள்ளலாம், அறை ஒழிந்திருந்தால் அப்போதே தந்தும்விடுவார்கள். இல்லாவிட்டால் காலிமுகத்திடலில் ஒரு நடை போய் இறால் வடை சாப்பிட்டுவிட்டு வரலாம்.

8. வரவேற்பு மேசை

அம்மாவோடு போன அன்று பை தூக்கும் பையன் ஓடிவந்து அவருடைய கையிலிருந்த முறுக்கு டின்னை வாங்கப் பார்த்தான். அம்மா விடவில்லை. அவன் ஒரு பக்கம் பிடிக்க, அம்மா மறுபக்கம் இறுக்க, வாயிலில் ஒரு சின்னப் போராட்டமே நடந்தது. கடைசியில் அவன் சூட்கேஸை மட்டும் எடுத்துக்கொண்டு சிரித்தான். பிறகு அறைக்கு வந்தபோது அம்மா அந்த டின்னைத் திறந்து அவனுக்கு இரண்டு முறுக்குக் கொடுத்தார். நான் 500 ரூபா கொடுத்தேன். முறுக்கைத்தான் அவன் முதலில் வாங்கினான்.

மேசையில் கடன் அட்டை கேட்பார்கள். அறை வாடகை கட்டிய பிறகும், சாப்பாடு போன்ற செலவுகளுக்காக அட்டையில் ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள். அது செலவு அல்ல. ஆனால் விடுபடச் சில நாட்கள் ஆகலாம். டெபிட் அட்டையைக் கொடுத்தால் உங்கள் சொந்தக் காசு முடங்கும், ஊர் திரும்பும் டிக்கெட்டுக்குக் கை வறண்டுவிடும். கடன் அட்டை இல்லாதவர்கள் எவ்வளவு ரொக்கம் வைக்க வேண்டும் என்று முதல் நாளே தொலைபேசியில் கேளுங்கள்.

9. அறைக்குள்

கதவு திறக்கும் அட்டையைச் சுவரில் உள்ள பிளவில் செருகினால்தான் மின்சாரம் வரும். எடுத்துக்கொண்டு வெளியே போனால் குளிரூட்டி நிற்கும், தொலைபேசிக்கு மின்னேற்றமும் நிற்கும். இரண்டு அட்டை கேட்டால் தருவார்கள். லொட்ஜில் பழைய வட்டத் துளை, இங்கே பெரும்பாலும் சதுரத் துளை. செருகி பொருந்தாவிட்டால் மாற்றியைக் கேளுங்கள், இலவசம்.

குளியலறையில் வாளி இருக்காது. கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்ததால், தலைக்கு மேலே பொழியும் குழாய் அம்மாவுக்கு உதவவில்லை. தொலைபேசியில் வாளி கேட்டேன். பத்து நிமிடத்தில் ஒரு பையன் வெள்ளித் தட்டில் வைத்து பனிக்கட்டி போடும் சின்ன வாளியைக் கொண்டுவந்தான். குளிக்க என்று விளக்கியதும் அசல் பிளாஸ்டிக் வாளியும் கோப்பையும் வந்தன. ஆகவே கேட்கும்போது "குளிப்பதற்கு" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

10. காலை உணவுக்கு ஒரு நேரம்

காலை உணவு விலையில் சேர்ந்திருந்தால் அவசரப்படாதீர்கள், பிந்தியும் போகாதீர்கள். 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையே போனால் அப்பம் ஊற்றும் இடத்தில் வரிசை இருக்காது. முட்டை அப்பமும் கட்டைச் சம்பலும் முதலில், எருமைத் தயிரும் பாணியும் கடைசியில். மற்றவற்றை நான் பார்ப்பதோடு சரி. சைவக்காரர்கள் தட்டின் முன்னுள்ள பெயரை மட்டும் நம்பாமல் சமையற்காரரிடமே கேளுங்கள். சம்பலில் மாசிக் கருவாடு கலந்திருப்பது இங்கே சாதாரணம்.

11. வெளியேறும் நாள்

முந்தைய இரவே கணக்கைக் கேட்டுப் பார்த்துவிடுங்கள். எடுக்காத தண்ணீர்ப் போத்தல் கணக்கில் இருந்தால் அமைதியாகச் சொன்னால் போதும், நீக்கிவிடுவார்கள். 12 மணிக்கு அறையை விட்டாலும் பைகளை அங்கேயே விட்டுவைத்து மாலை வரை கடற்கரையில் இருக்கலாம். யாழ்ப்பாண பஸ் இரவில்தானே.

அந்த பஸ்ஸுக்கு எப்படியும் வெள்ளவத்தைக்குத் திரும்ப வேண்டும். நாங்கள் அரை மணி நேரம் முந்திப் போய் லொட்ஜ் வாசலில் இறங்கினோம். லொட்ஜ் அண்ணை மேசைக்குக் கீழே குனிந்து நாங்கள் விட்டுப்போன பொதியை எடுத்தார். கருவாட்டின் மணம் வராமல் இரண்டு பத்திரிகைத் தாள் கூடுதலாகச் சுற்றிக் கட்டியிருந்தார். "அங்கே தேத்தண்ணி எவ்வளவு?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா தொகையைச் சொன்னதும் அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே பார்த்து, மூன்று பிளேன்டீ போடச் சொன்னார்.